நைனா சொல்லாததை நான் சொன்னேன்

1

நம் ஊரில் பையனுக்குப் பதினெட்டு வயதானால் ஓட்டு வரும், லைசென்ஸ் எடுக்கலாம், அத்தோடு சரி. இங்கே ஜெர்மனியில் இப்போது அந்த வயதுப் பையன்களுக்கு ராணுவத்திலிருந்து ஒரு கடிதமும் வருகிறது. உயரம், எடை, படிப்பு, ராணுவத்தில் சேர எவ்வளவு விருப்பம் என்று வரிசையாகக் கேள்விகள். சேருவது அவரவர் இஷ்டம்தான். பதில் எழுதுவது மட்டும் கட்டாயம். என் மகன் கவினுக்கும் அது வந்தது.

தபால் பெட்டியிலிருந்து உறையை எடுத்தபோது எனக்கு வந்த வேலை என்றுதான் நினைத்தேன். எங்கள் பெட்டியில் விழுவதில் பாதி மற்றவர்களுடைய காகிதங்கள். நான் தமிழுக்கும் தெலுங்குக்கும் நீதிமன்றத்தில் பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர். நெல்லூர்க்காரரின் கல்யாணச் சான்றிதழ், வேலூர்க்காரியின் பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துக்கு நிற்கிறவர்களின் வாக்குமூலம் என்று எல்லாம் என் மேஜைக்கு வந்து, ஜெர்மனாகி, வட்ட முத்திரை வாங்கிக்கொண்டு போகும். ஆந்திர எல்லையில், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பிறந்தவள் நான். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்து, இரண்டும் அரைகுறை என்று ஊரில் திட்டு வாங்கினேன். அந்த இரண்டும்தான் இங்கே எனக்குச் சோறு போடுகின்றன.

கவின் சமையலறையில் நின்றபடி, ரொட்டியைக் கடித்துக்கொண்டே, ஃபோனில் அந்தப் படிவத்தை முடித்தான். என் டீ கொதித்து இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. விருப்பம் இருக்கிறது என்று போட்டிருக்கிறேன், என்றான். கை தவறி அழுத்திவிட்டாயா என்று கேட்டேன். இல்லை, யோசித்துத்தான் போட்டேன் என்றான். கோடையில் பள்ளி முடிகிறது, ஒரு வருடம் போல இருந்துவிட்டு வருகிறேன், பிடித்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றான். கிழக்கே நடக்கும் போரை இங்கே தினமும் செய்தியில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் பயப்பட, இவன் மட்டும் யாராவது போகத்தானே வேண்டும் என்கிறான்.

அவன் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவனும் போய்விட்டால் நாள் முழுக்க நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. அதை நான் அவனிடம் சொல்லவில்லை. விருப்பம் என்று போட்டவர்களுக்கு வரும் மேல்விண்ணப்பத்தில் தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம் இருந்தது. ஜெர்மன், ஆங்கிலம், பள்ளியில் படித்த பிரெஞ்சு என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

2

அந்தக் காலி வரிக்கு நான்தான் காரணம். கவினின் அப்பா குண்டூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர். வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்து ஓடியது. குழந்தை மூன்று வயது வரை பேசவில்லை. டாக்டர் எங்களை உட்கார வைத்து, இத்தனை பாஷை வேண்டாம், ஒன்றை மட்டும் பேசுங்கள் என்றார். பயந்துபோய் ஜெர்மனைப் பேசினோம். குழந்தை பேசிவிட்டது. நாங்கள் திரும்பவே இல்லை. தமிழுக்கும் தெலுங்குக்கும் முத்திரை வைத்திருப்பவளின் மகனுக்கு வா, போ, தண்ணி, தாத்தா தவிர வேறு ஒன்றும் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு ஊருக்கு வீடியோ போடுவோம். அங்கே பகல் இரண்டு மணி. என் நைனா சாப்பிட்டுவிட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். எழுபத்து நான்கு வயது. இந்திய ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டி, ஹவில்தாராக வெளியே வந்தவர். ஜெர்மனி தூரத்தில் இருக்கிறது என்பதால் கத்திப் பேசுவார். கவினுக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு ஞாயிறு, இந்த ஆள் ஏன் என்னைத் திட்டுகிறார் என்று கேட்டான். பையன் என்ன சொல்கிறான் என்று அந்தப் பக்கத்திலிருந்து நைனா கேட்டார். உன் மீசை நன்றாக இருக்கிறதாம் நைனா, என்றேன். மனுஷர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. நைனாவும் லேசுப்பட்டவர் இல்லை. மாட்டுக்குப் பிறந்த கன்றுகூட அம்மா என்கிறது, இவனுக்கு அதுவும் வரவில்லையே, என்ன பிள்ளை வளர்த்தாய் என்பார். தாத்தா நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறார், என்று கவினிடம் சொல்வேன். சீக்கிரம் முடி, நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்பான் கவின். உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான், என்று நைனாவிடம் சொல்வேன். ஊருக்கு மூன்று முறை போனோம். அங்கேயும் இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலி போட்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். நைனாவுக்கு அன்பான ஒரு பேரன் இருந்தான். கவினுக்கு சாதுவான ஒரு தாத்தா இருந்தார். இரண்டு பேரையும் செய்து கொடுத்தது நான்.

வேலையில் நான் அப்படி இல்லை. ஒருமுறை குடும்ப நீதிமன்றத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவர் நீதிபதியைப் பார்த்துத் தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு, இவள் நம் ஊர்ப் பெண், இதைப் பூசி மெழுகிவிடுவாள் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பூசவில்லை. ஜெர்மனில் அதே எடைக்கு ஒரு வார்த்தை தேடி எடுத்து நீதிபதியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நீதிபதிக்குக் காது சிவந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

3

ராணுவம் கவினுக்கு ஒரு சின்னப் புத்தகம் அனுப்பியது. அவன் படித்துவிட்டு மேஜையில் போட்டதை நான் எடுத்தேன். பழக்க தோஷம், கண் ஜெர்மனில் ஓடினால் கை பென்சிலால் ஓரத்தில் தமிழ் எழுதும். டீன்ஸ்ட் என்று ஒரு சொல். நர்ஸின் ஷிப்டும் டீன்ஸ்ட்தான், சிப்பாயின் காவலும் டீன்ஸ்ட்தான். சேவை என்று எழுதினால் எங்கள் பக்கத்தில் திருமலைக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். நைனா என்றால் டூட்டி என்று முடித்துவிடுவார். கீழ்வீட்டு அம்மாளுக்கு ஷ்டூபே என்றால் குளிர்காலத்தில் குடும்பமே கணப்பைச் சுற்றி உட்காரும் கூடம். இந்தப் புத்தகத்தில் அதே சொல் ஆறு கட்டிலும் ஆறு இரும்பு அலமாரியும் போட்ட பட்டாள அறை. கமராட் என்பதற்குத் தோழர் என்று போட்டால் கொடி பிடிக்க வேண்டும், கூட்டாளி என்று போட்டால் ரைஸ் மில் வைக்க வேண்டும். நைனாவின் சொல் 'நம்ம யூனிட்காரன்'. எனக்கு அதுதான் சரியாகப் பட்டது.

லீவு என்ற இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. ஜெர்மனில் கடற்கரைக்குப் போகிறவனின் விடுமுறைக்கும், பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவனின் விடுமுறைக்கும் ஒரே சொல். எங்கள் வீட்டில் லீவு என்றால் நைனா. லீவு வந்துவிட்டதா என்று தெருவில் யாராவது கேட்டால் உன் அப்பா வந்தாரா என்று அர்த்தம். வருடத்துக்கு இரண்டு மாதம். கறுப்பு டிரங்குப் பெட்டி வரும், அதன்மேல் வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் இருக்கும். முதல் பத்து நாள் அவரைக் கண்டால் எனக்கு வெட்கம். பழகி, பக்கத்தில் போய் உட்காரும் சமயத்தில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார். நான் பெரியவளானபோதும், அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோதும் அவர் ஏதோ ஒரு மலையில் இருந்தார். கடிதம் வரும். அவருக்குத் தெரிந்தது தெலுங்கு எழுத்து மட்டும்தான், அதனால் வீட்டில் பேசும் தமிழை அந்த எழுத்தில் எழுதியிருப்பார். மழை பெய்ததா, பசு கன்று போட்டதா, எல்லோரும் நலமா. நான் அந்த எல்லோரில் இருந்தேன். அவர் வேலையை விட்டு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதே, கடல் கடந்து வந்து பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

தாத்தாவும் ராணுவத்தில் இருந்தவர் என்பதைக் கவின் இப்போதுதான் பெரிதாக எடுத்துக்கொண்டான். ராணுவ மருத்துவப் பரிசோதனைக்கு அவனுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்திருந்தது. அதற்கு முன் தாத்தாவிடம் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு வந்தான். பயந்திருக்கிறீர்களா? வீட்டை விட்டுப் போனதற்கு வருத்தப்பட்டீர்களா? இன்னொரு முறை வாய்த்தால் போவீர்களா? தாத்தா சொல்வதை வைத்து முடிவு எடுக்கிறேன், அவர் அதைச் செய்தவர், நீ செய்யவில்லை என்றான். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிறு வீடியோவில் நைனாவிடம் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன ரேங்கு, எத்தனை நாள் லீவு என்று விசாரித்தார். இங்கே வெள்ளிக்கிழமை மத்தியானமே பாதி சிப்பாய்கள் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றேன்.

"வாராவாரமா? அது மிலிட்டரியா, காலேஜ் ஆஸ்டலா?"

பிறகு மூன்று கேள்விகளையும் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"பயமா? வண்டி ஓட்றவனுக்கு ரோடுதான் தெரியும், பயம் எங்க தெரியும்? நான் போனதாலதான் நெலம் நின்னுது, நீங்க படிச்சீங்க, நீ அங்க ஒக்காந்துக்கினு கீற. போவச் சொல்லு அவன. எனக்கு வயசு இருந்தா நாளைக்கே பொட்டி கட்டுவேன்."

கவின் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தான். நான் ஜெர்மனில் சொன்னேன். பயந்தேன், தினமும் பயந்தேன் என்கிறார் தாத்தா. அதைவிட, என் பிள்ளைகள் வளர்ந்ததை நான் பார்க்கவில்லை என்கிறார். ஒவ்வொரு லீவிலும் என் மகள் என்னைக் கண்டு ஒளிந்துகொண்டாள், அவள் வெளியே வருவதற்குள் என் லீவு முடிந்துவிடும். இன்னொரு முறை வாய்த்தால் போகமாட்டேன். நீயும் போகாதே.

ஒரே மூச்சில் வந்தது. எங்கும் திக்கவில்லை, எந்தச் சொல்லையும் தேடவில்லை. இத்தனை வருடத் தொழிலில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை. என் வாழ்நாள் முழுக்க நைனா சொல்வார் என்று நான் காத்திருந்ததை, அவர் பெயரில் நானே சொல்லிக்கொண்டேன்.

கவின் பேனாவை மூடினான். தாத்தாவுக்கு நன்றி சொல், என்றான். சந்தோஷமாக இருக்கிறதாம், என்று நைனாவிடம் சொன்னேன்.

4

மறுநாளே கவின் பரிசோதனையை ரத்து செய்தான். அதற்கும் ஒரு படிவம், காரணம் எழுதக் கட்டம். குடும்பக் காரணம் என்று எழுதினான். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

ஒரு பொய்க்கு இரண்டு முனை உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த முனையில் நைனா, பேரன் ஜெர்மன் மிலிட்டரிக்குப் போகிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். டீக்கடையில் சொல்லி, கூட்டுறவு சங்கத்தில் சொல்லி, நகரிக்குப் போய் மைசூர்பாகு வாங்கிவந்து தெருவுக்கே கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் தரகாஸ்து போட்டானா, ஆர்டர் வந்ததா, கசம் பரேடு எப்போது என்று கேட்பார். விண்ணப்பம் அவருக்குத் தரகாஸ்து, சிப்பாய்கள் அணிவகுத்து நின்று சத்தியம் செய்யும் நாள் கசம் பரேடு. இந்த ஊரில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் நைனா, காகிதம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பேன். ஜெர்மனியில் காகிதம் மெதுவாக நகரும் என்பது ஒன்றுதான் நான் அவரிடம் சொன்ன உண்மை.

இந்த முனையில் கவின். பள்ளி முடிந்ததும் பார்சல் கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போனான். தாத்தா சீருடையில் நிற்கும் பழைய படத்தை என்னிடம் கேட்டு வாங்கித் தன் அறையில் மாட்டினான். தாத்தாவிடம் இரண்டு வரி தமிழில் பேச வேண்டும், சொல்லிக்கொடு என்றான். பதிமூன்று வருடமாக அவனுக்கு வராத ஆசை அது. நான் சொல்லச் சொல்ல, ஜெர்மன் எழுத்தில் தமிழை எழுதிக்கொண்டான். எழுதி முடித்துவிட்டு, பாவம் தாத்தா, இதையெல்லாம் சொல்ல இத்தனை வருடம் அவருக்கு ஆளே கிடைக்கவில்லை, என்றான்.

உண்மையை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். நான் எழுந்து போய்த் துணிகளை மடித்தேன்.

5

என் தம்பியின் மகள் பவானி நர்சிங் முடித்துவிட்டு, திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி ஜெர்மன் படிக்கிறாள். இப்போது எங்கள் பக்கத்தில் நர்சிங் முடித்த பெண்கள் நிறையப் பேர் அதைத்தான் படிக்கிறார்கள். ஒரு பரீட்சை தேறிவிட்டாள், அடுத்ததற்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு அவள் ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் வீடியோ போயிற்று. நைனாவுக்குப் பக்கத்தில் அவள் முகம் தெரிந்தது. அத்தை, இன்னைக்கு நான் சொல்றேன், எனக்கும் பழகின மாதிரி இருக்கும் என்றாள். வேண்டாம், உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றேன். கவின் குதூகலமாகிவிட்டான். அவளுக்குப் புரியும்படி, பள்ளி வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினான்.

தாத்தாவிடம் சொல்லு, அவர் சொன்னபடி நான் ராணுவத்துக்குப் போகவில்லை. அவர் இவ்வளவு வருத்தத்தோடு இருந்தது எனக்குத் தெரியாது. அவர் மகள் அவரைக் கண்டு ஒளிந்துகொண்டதை நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இவ்வளவுதான் அவன் சொன்னது.

பவானி சின்னப் பெண். பூசத் தெரியாது. தெரிந்ததை அப்படியே எடுத்து வைத்தாள்.

"தாத்தா, நீ வேணான்னு சொன்னியாமே, அதனால அவன் மிலிட்டரிக்குப் போவலியாம். நீ ரொம்ப வருத்தப்பட்டியாம். அத்தை உன்னப் பாத்தா ஒளிஞ்சிக்குமாமே, அதெல்லாம் சொன்னியாமே?"

நைனா ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். திரையில் கவினுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார். தொடர்பைத் துண்டித்துவிடலாம் என்று என் விரல் போயிற்று. ஆனால் அழுத்த முடியவில்லை.

நீ சொன்னாயா தாத்தா, என்று பவானி மறுபடி கேட்டாள்.

"சொன்னேன்," என்றார் நைனா. "சொன்னேன்னு சொல்லு. கதவுக்குப் பின்னால நின்னுக்கினு என் பூட்ஸையே பாத்துக்கினு இருப்பா. நான் பாக்காத மாதிரி இருப்பேன். பட்டாளத்துல அத்தினி பேர அதட்டிக் கூப்ட்டவன், பெத்த பொண்ண எப்டிக் கூப்புட்றதுன்னு எனக்குத் தெரியல."

பவானி அதை ஜெர்மனில் சொன்னாள். பாடப் புத்தகத்து ஜெர்மன், சின்னச் சின்ன வாக்கியம். என் மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழில் கேட்டபோது தாங்கிக்கொண்டேன். ஜெர்மனில் கேட்டபோது என்னால் முடியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பையன் போவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவனுக்கு இஷ்டம் இருந்தால் போகட்டும் என்றும் நைனா சொன்னார். பவானி அதையும் சொன்னாள். கவினுக்குக் குழப்பமாகிவிட்டது. அப்படியானால் போகாதே என்று ஏன் சொன்னார், அதைக் கேள், என்றான். பவானி வாயைத் திறந்தாள். நான் குறுக்கே புகுந்து ஜெர்மனில் சொன்னேன். தாத்தா சொல்லவில்லை, நான் சொன்னேன். அவர் போகச் சொன்னார். மற்றதெல்லாம் என்னுடையது. நீ போய்விட்டால் நான் தனியாக இருக்க வேண்டும், எனக்குப் பயம்.

அதையும் பவானி விடவில்லை. கடமையாகத் தாத்தா பக்கம் திரும்பி ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னாள்.

"தெரியும்," என்றார் நைனா.

6

கவின் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து கதவில் சாய்ந்து நின்றான்.

"பதிமூன்று வருடமாக நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?" என்றான்.

பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மீசையில் ஆரம்பித்து, ஞாபகம் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா உண்மையில் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், நீ என்ன சொன்னாய், அவருக்கு என்ன போயிற்று. கன்றுக்குட்டி வந்தபோது சிரித்துவிட்டான். அவன் நீளமுடி வைத்திருந்த காலத்தில் தாத்தா சொன்னதைச் சொன்னேன், மறுபடி சிரித்தான். அவன் அப்பா இறந்த சமயம், தாத்தா ஃபோனில் அழுதுகொண்டு, பையனை இங்கே அனுப்பு, நான் வளர்க்கிறேன் என்றார். அதை நான் கவினிடம் சொல்லவே இல்லை, தாத்தா வருத்தப்படுகிறார் என்று மட்டும் அன்றைக்குச் சொல்லியிருந்தேன். இப்போது சொன்னேன். கவின் சிரிப்பதை நிறுத்திவிட்டான். இதற்குத்தானே உனக்குச் சம்பளம் தருகிறார்கள் அம்மா, என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

பரிசோதனைக்குப் புது நாள் வாங்கினான், தேறினான், அக்டோபரில் போனான். ஸ்டேஷனில் எனக்குக் கையசைத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்தான். அவன் பாசறை மூன்று மணி நேரத் தூரம். வெள்ளிக்கிழமைகளில் வருகிறான், எல்லா வெள்ளியும் இல்லை. வந்தாலும் அழுக்குத் துணியைப் போட்டுவிட்டு நண்பர்களைப் பார்க்க ஓடுகிறான். அவனுடைய ஷ்டூபேயில் இன்னும் ஐந்து பையன்கள். அவர்கள் பெயரெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம், அவர்களைப் பற்றித்தான் பேசுகிறான். முன்பு மாதிரி என் மேஜைக்கு வந்து என்ன காகிதம் இது என்று எட்டிப் பார்ப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ நின்றுவிடவில்லை. கவின் பாசறையிலிருந்தோ தன் அறையிலிருந்தோ, பவானி திருப்பதி ஹாஸ்டலிலிருந்து, நைனா வீட்டிலிருந்து, மூன்று பேரும் ஒரே திரையில் பேசிக்கொள்கிறார்கள். பூட்ஸ் எப்படி, சாப்பாடு எப்படி, துப்பாக்கி என்ன எடை என்று நைனா கேட்கிறாராம். கவின் பதிலுக்குக் கேட்கிறானாம். இரண்டு தடவை சண்டையும் வந்ததாம். நான் இருந்தபோது ஒருநாளும் சண்டை வந்ததில்லை. முதல் இரண்டு வாரம் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். பிறகு பவானி தனியாகக் கூப்பிட்டு, கோபித்துக்கொள்ள வேண்டாம் அத்தை, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, தப்பு தப்பாக வருகிறது என்றாள். நியாயம்தான். இப்போது ஞாயிறு காலை பத்தரைக்கு நான் ஆற்றங்கரையில் நடக்கப் போகிறேன். எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். சில ஞாயிறுகளில் நான் பேசுவது அந்த ஒரு சொல்தான்.

7

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நைனாவிடமிருந்து வீடியோ வந்தது. ஊரில் பன்னிரண்டரை. செவ்வாயில் அவர் கூப்பிட்டதே இல்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று உடனே எடுத்தேன்.

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். நன்றாக இருக்கிறேன் என்றார். தம்பி எங்கே என்றேன், கழனிக்குப் போயிருக்கிறான் என்றார். பவானிக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். யோசித்துப் பார்த்தால், நடுவில் கவின் இல்லாமல் நானும் நைனாவும் தனியாகப் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மற்றவர்கள் பேச்சையே சுமந்து பழகியதில் எனக்கென்று ஒரு வார்த்தை அகப்படவில்லை.

"துன்னியா?" என்றார்.

ஆயிற்று, ரொட்டி, என்றேன். என்ன வேலை பண்ணுகிறாய் என்று கேட்டார். மதனப்பள்ளிக்காரர்களுடைய கல்யாணச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது, மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும் என்றேன். சரி அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். இல்லாவிட்டால் நானே வைத்திருப்பேன்.

"வெக்காத," என்றார். "நீ வேலையப் பாரு. பேச வேணாம். நான் இப்டியே இருக்கேன்."

ஃபோனை மேஜையில் புத்தகங்கள் மேல் சாய்த்து வைத்தேன். முதலில் என்னவோ போல இருந்தது. எழுபத்து நான்கு வயது ஆள் ஒருவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மணமகன் பெயர், மணமகள் பெயர், சாட்சிகள் பெயர் என்று தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். பிறகு கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் மோட்டார் ஓடும் சத்தமும், தூரத்தில் பஸ் ஹாரனும் கேட்டன. நான் நிமிர்ந்தபோதெல்லாம் அவர் அங்கேயே இருந்தார்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தியது கேட்டது. ஃபோனில் யார் என்று அந்த ஆள் கேட்டார். என் மகள் என்றார் நைனா. என்ன சொல்கிறாள் என்று கேட்டார் அந்த ஆள்.

நைனா என் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல. வேல செய்யறா. பாத்துக்கினு கீறேன்."